அண்ணனுக்குச் செய்த கியூப்

எங்கள் வீட்டுக்கு முதல் ரூபிக் கியூப் வந்தது 1982-ல். ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போன அண்ணன், பர்மா பஜாரில் வாங்கிவந்தார். என்ன விலை என்று அப்பா கேட்டதற்கு அவர் சொன்ன தொகை பொய் என்று எனக்கு மட்டும் தெரியும். அந்தக் காலத்தில் எங்கள் திருவூடல் தெருவில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. வந்தவர் போனவர் எல்லாம் ஒரு திருகு திருகிப் பார்த்துவிட்டுக் கலைத்துவைத்துவிட்டுப் போவார்கள். அண்ணன் ராத்திரி ஹரிக்கேன் வெளிச்சத்தில்கூட அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு அடுக்கு தானாகவே கண்டுபிடித்துவிட்டார். மூன்றாவது அடுக்கு படியவே இல்லை. பிறகு மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று அகப்பட்டு, அதைப் படித்துத்தான் முடித்தார். (அந்த மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தே போனது. உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.)

இதைக் கண்டுபிடித்தவர் எர்னோ ரூபிக். ஹங்கேரி நாட்டில் புடாபெஸ்ட் நகரத்தில் கட்டிடக்கலை படித்து, கல்லூரியில் வடிவமைப்பு சொல்லிக்கொடுத்தவர். 1974-ல் முதல் மாதிரியை மரத்தில்தான் செய்தார். செய்து முடித்துத் திருகிப் பார்த்தவருக்கு, கலைந்ததைத் திரும்பச் சேர்க்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனதாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணன் "எனக்கு நாலு மாசம், அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார். கணக்கு வாத்தியார். அவருக்கு அதில் ஒரு பெருமை.

அந்த அண்ணனுக்கு இப்போது கண் தெரியாது.

எப்படி ஆரம்பித்தது என்று யோசித்தால் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு பௌர்ணமி. இருவரும் கிரிவலம் போய்க்கொண்டிருந்தோம். 14 கிலோமீட்டரும் பேசிக்கொண்டே நடப்பது எங்கள் வழக்கம். அக்னி லிங்கம் தாண்டியதும் இடதுபக்கமாக வந்த ஒரு சைக்கிள்காரன் மேல் அண்ணன் போய் மோதினார். கொஞ்ச தூரத்தில் இளநீர் வண்டி. அப்புறம் ஒரு சின்னப் பையன். "பார்த்து நடங்கண்ணா, வயசாச்சுன்னா மைதானம் மாதிரி ரோடு வேணுமா?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். கூட்டத்தில் இடிபடுவது ஒரு விஷயமா? அடுத்த மாதம் கண்ணாடிக் கடை ஒன்றில் பவரை மாற்றிக் கொடுத்து அனுப்பினார்கள். படிக்கும் எழுத்து நன்றாகத் தெரிந்ததால் நாங்களும் அதோடு விட்டுவிட்டோம். அப்படி இரண்டு வருடம் போய்விட்டது.

கண் நீர் அழுத்த நோய். குளுக்கோமா என்பார்கள். கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடிய வேண்டிய அளவுக்கு வடியாமல் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிறது. வலி கிடையாது. முதலில் போவது ஓரப்பார்வை. நடுப்பார்வை கடைசிவரை நிற்பதால், செய்தித்தாள் படிக்கிற ஆளுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று எப்படித் தெரியும்? போன பார்வையைச் சொட்டு மருந்தும் ஆபரேஷனும் திரும்பக் கொண்டுவராது. மிச்சம் இருப்பதைத்தான் காப்பாற்றும். அண்ணனுக்குத் தெரியவந்தபோது மிச்சம் அதிகம் இல்லை. இளநீர் வண்டியில் மோதியபோது நான் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. அவர் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

பார்வை முழுக்கப் போன வருடத்தில் அண்ணன் வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசும். பேரப்பிள்ளைகள் வந்தாலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அண்ணி ஒருநாள் என்னிடம், "அலமாரியில இருந்த அந்தத் திருகுக் கட்டையை எடுத்துக் கையில வெச்சிக்கிட்டு சும்மா சுத்திக்கிட்டே இருக்கார் தம்பி, பார்க்க முடியல" என்றார்.

நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவில் 28 வருடம் பாடம் எடுத்தவன். கையால் ஏதாவது செய்து சரிக்கட்டிவிடலாம் என்கிற எண்ணம் என் ரத்தத்தில் ஊறியது. சின்னக்கடைத் தெருவில் ஒரு புதுக் கியூப் வாங்கினேன். ஆறு நிறத்துக்குப் பதில் ஆறு தினுசு ஒட்டினேன். ஒரு பக்கம் உப்புத்தாள், ஒரு பக்கம் வெல்வெட் துணி, ஒரு பக்கம் சாக்கு, ஒரு பக்கம் பச்சரிசி, ஒரு பக்கம் குண்டூசித் தலை, ஒரு பக்கம் வெறுமே. கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். அன்று சாயங்காலமே சேர்த்துவிட்டார். சேர்த்து ஜன்னலில் வைத்தவர், பிறகு தொடவே இல்லை.

ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். "இது குருடனுக்குன்னு செஞ்சதுடா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "கண்ணு இருக்கறவன் இதைப் பார்த்தா ஒரு நொடியில அரிசி எங்க, துணி எங்கன்னு சொல்லிடுவான். எனக்கு எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு அவனுக்கும் இருக்கணும். அப்பத்தான் அது கணக்கு."

எனக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

அப்போதுதான் என் பேத்தி போனில் ஒன்றைக் காட்டினாள். கியூபின் வடிவத்தையே மாற்றிச் செய்கிறார்கள் தாத்தா என்றாள். நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. உள்ளே இருக்கும் இயந்திரம் அதே பழைய மூன்றுக்கு மூன்றுதான். வெளியே ஒட்டியும் அறுத்தும் வேறு உருவம் கொடுத்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் டோனி ஃபிஷர் என்பவர் 1980-களின் தொடக்கத்திலிருந்து இதே வேலையாக இருக்கிறார். கட்டங்களை 45 டிகிரி திருப்பி வெட்டிய ஒரு கியூபுக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் ஹிதெதோஷி தகேஜி என்பவர் 2006-ல் செய்ததைப் பார்த்ததும்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மிரர் பிளாக் என்று பெயர். எல்லாப் பக்கமும் ஒரே நிறம். ஆனால் ஒவ்வொரு அடுக்கும் வேறு வேறு தடிமன். சேர்ந்திருக்கும்போது ஒழுங்கான சதுரக்கட்டை. கலைத்தால் இடிந்துபோன வீடு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். நிறம் பார்த்துச் சேர்க்க முடியாது. துண்டின் பருமனைப் பார்த்துத்தான் சேர்க்கவேண்டும். கண்ணால் பார்ப்பவனுக்கும் அது குழப்பம்தான்.

கடையிலேயே கிடைக்கும், வாங்கிக் கொடுத்திருக்கலாம். பேத்தியும் அதைத்தான் சொன்னாள். ஆனால் நானே செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று கேட்காதீர்கள்.

கணக்கு இப்படி. சாதாரணக் கியூப் பக்கத்துக்கு 57 மில்லிமீட்டர், ஒரு அடுக்கு 19. பெயர்ப்பலகை செய்யும் கடையில் வெட்டிப்போட்ட 3 மில்லிமீட்டர் பி.வி.சி. ஷீட் துண்டுகள் சும்மாவே கிடைத்தன. ஆறு முகத்துக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று ஷீட் ஒட்டுவது. எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை எப்போதும் ஐந்து வரவேண்டும்: பூஜ்யத்துக்கு எதிரே ஐந்து, ஒன்றுக்கு எதிரே நான்கு, இரண்டுக்கு எதிரே மூன்று. அப்போது எந்தப் பக்கம் அளந்தாலும் 57-உம் 15-உம் சேர்ந்து 72. வெளி அடுக்குகளின் தடிமன் 19, 22, 25, 28, 31, 34 என்று ஆறும் ஆறு விதம். அதனால் எட்டு மூலைத் துண்டுகளில் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. பன்னிரண்டு ஓரத் துண்டுகளும் அப்படித்தான். பேப்பரில் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு, அண்ணனிடம் காட்டவேண்டும் என்று எழுந்தேன். பிறகுதான் அவரால் பார்க்க முடியாது என்பது நினைவுக்கு வந்து உட்கார்ந்தேன்.

மொத்தம் பதினைந்து ஷீட் அடுக்கு, அடுக்குக்கு ஒன்பது துண்டு. ஆக 135 துண்டுகள். எல்லாம் 19-க்கு 19 சதுரம் என்று நினைத்து ஒரே நாளில் வெட்டிக் குவித்தேன். அது முதல் தப்பு. கீழ்முகத்தில் ஐந்து ஷீட் ஒட்டியபின், முன்முகத்தின் கீழ் வரிசைக்கு 19-க்கு 19 போதாது. 19-க்கு 34 வேண்டும். இல்லாவிட்டால் மூலையெல்லாம் கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி பள்ளம் பள்ளமாக நிற்கும். ஃபிட்டர் பிரிவில் பையன்களை "அளக்காமல் அறுக்காதே" என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன்! பாதித் துண்டுகள் குப்பைக்குப் போயின.

இரண்டாவது தப்பு பசை. உடனே ஒட்டும் பசை தண்ணீர் மாதிரி ஓடும். ஒரு சொட்டு அதிகமாகி இடுக்கு வழியே உள்ளே இறங்கி, ஒரு மூலையும் ஓரமும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டன. கத்தியால் பிரிக்கப்போய் உள்கால் உடைந்தது. வேறு கியூப் வாங்கினேன். இந்த முறை முழுக்கப் பிரித்துப்போட்டு, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக ஒட்டி, காய்ந்தபின் மாட்டினேன். பிரிப்பது பெரிய வித்தை இல்லை. ஒரு முகத்தைப் பாதி திருப்பி, ஓரத் துண்டை நெம்பினால் வந்துவிடும். மாட்டும்போதுதான் ஜாக்கிரதை. மூலைத் துண்டுகளையும் ஓரத் துண்டுகளையும் மனம்போனபடி மாட்டினால், பன்னிரண்டில் ஒரு தடவைதான் அது சேரக்கூடிய கியூபாக அமையும். மற்ற பதினொரு தடவை பிரம்மாவே வந்தாலும் சேராது. ஆகவே சேர்ந்த நிலையிலேயே மாட்டவேண்டும்.

மூன்றாவதைத் தப்பு என்று சொல்லமாட்டேன், அறியாமை. நடுத்துண்டுகளின் மூடிக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. திருகும் இறுக்கத்தை அதுதான் தீர்மானிக்கிறது. மேலே ஷீட் ஒட்டிவிட்டால் பிறகு அதைத் தொடமுடியாது. எனவே கொஞ்சம் தளர்த்தி, ஸ்பிரிங் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஒட்டவேண்டும். ஓரங்களை உப்புத்தாளில் தேய்த்து அரை மில்லிமீட்டர் குறைக்கவேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துத் துண்டோடு உரசும். முதலில் 120 நம்பர் தாள், அப்புறம் 400. வாசல் திண்ணையில் உட்கார்ந்து இதைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, போகிற வருகிறவர்கள் எல்லாம் "என்ன சார், சொக்கட்டான் காயா?" என்று விசாரித்தார்கள். ஒருவர் வாஸ்துப் பொருளா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஐந்து வாரம் ஆயிற்று. வெர்னியரில் அளந்தேன். மூன்று பக்கமும் 72-க்குக் கால் மில்லிமீட்டர் முன்னே பின்னே. ஓய்வுபெற்ற கைக்கு அது போதும்.

கொண்டுபோய்க் கொடுத்த அன்று நான் எதுவும் விளக்கவில்லை. சேர்ந்த நிலையில் கையில் வைத்தேன். தடவிப் பார்த்தார். "கொஞ்சம் பெரிசா இருக்கு. ஒட்டினது ஒண்ணுமில்லையே, வழுவழுன்னு இருக்கே" என்றார். ஒரு திருப்பு திருப்பினார். ஒரு மூலை துருத்திக்கொண்டு வெளியே வந்தது. விரல் அங்கேயே நின்றுவிட்டது. இன்னொரு திருப்பு. இன்னொன்று. பிறகு அண்ணியைக் கூப்பிட்டு, "காபி கொண்டா" என்றார். பல மாதமாகத் தானாக எதையும் கேட்காத மனிதர்.

சேர்க்க மூன்று நாள் எடுத்தது. அந்த மூன்று நாளும் நான் போகவில்லை. நான் பக்கத்தில் இருந்தால் உதவி செய்ய வந்தவன் ஆகிவிடுவேன். நாலாம் நாள் அண்ணி போன் செய்து, "உங்க அண்ணன் வரச் சொல்றார்" என்றார்.

அவர் செய்த விதத்தைக் கேளுங்கள். எட்டு மூலைக்கும் கிரிவலப் பாதையின் அஷ்டலிங்கங்களைப் பெயராக வைத்துவிட்டார். எல்லாவற்றிலும் பருத்த மூலை, அதாவது 34, 31, 28 அளவுள்ளது, குபேரன். அதற்கு நேர் குறுக்கே இருக்கும் ஒல்லி மூலை ஈசான்யம். மற்ற ஆறுக்கும் அக்னி, எமன், நிருதி என்று அதனதன் உடம்புக்கு ஏற்றபடி. பன்னிரண்டு ஓரங்களுக்கும் சித்திரை முதல் பங்குனி வரை மாதப் பெயர். "குபேரனுக்குப் பக்கத்துல தை வரணும். அது ஐப்பசியோட போய் உட்கார்ந்திருக்கு. இறக்கிட்டு வந்து ஏத்தணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே திருகினார். ஐந்து ஷீட் உள்ள தடித்த முகத்தைக் கீழே வைத்துக்கொள்கிறார். கடைசி அடுக்கு சரியான வாக்கில் படிந்ததா என்று பார்க்க உள்ளங்கையை மேலே வைத்துத் தேய்க்கிறார். சமமாக இருந்தால் சரி. எங்காவது மேடு தட்டினால் அந்தத் துண்டு புரண்டு கிடக்கிறது என்று அர்த்தம். இந்த உள்ளங்கை யோசனை எனக்குத் தோன்றியிருக்காது.

மொத்த நிலைகள் எத்தனை தெரியுமா? 43 எழுதி, அதற்குப் பின்னால் இன்னும் பதினெட்டு இலக்கம் போடவேண்டும். எந்த நிலையில் இருந்தாலும் 20 திருப்பத்துக்குள் சேர்த்துவிடலாம் என்று 2010-ல் கணினிகளை வைத்து நிரூபித்துவிட்டார்கள். அண்ணனுக்கு நூற்றுக்கு மேல் ஆகும். "கடவுளுக்கு இருபது, வாத்தியாருக்கு நூத்தி இருபது" என்பார்.

பிறகு அந்தக் கட்டை அவர் வீட்டில் ஒரு சபையையே கூட்டிவிட்டது. பழைய மாணவர்கள் சிலர், இப்போது அவர்களுக்கே பேரன் இருக்கிறான், சாயங்காலம் வந்து உட்கார்கிறார்கள். கண் உள்ளவர்கள் எல்லாரும் அதைக் கையில் எடுத்து அரைமணி நேரம் முழிப்பார்கள். வாத்தியார் வாங்கி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இருபத்தைந்து நிமிஷத்தில் சேர்த்துக் கையில் கொடுப்பார். உலகப் போட்டிகளில் கண்ணைக் கட்டிக்கொண்டு சேர்க்கும் பிரிவு ஒன்று உண்டு. அவர்கள் முதலில் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு, பிறகு கட்டிக்கொள்கிறார்கள். அதைச் சொன்னபோது அண்ணன், "முதல்ல பார்த்துக்கலாமா? அப்ப சுலபம்தான்" என்றார்.

அந்த உற்சாகத்தில் நான் ராஜகோபுரம் மாதிரி ஒன்று செய்ய ஆரம்பித்தேன். மேலே போகப்போகக் குறுகும் உருவம். அண்ணன் தடவிப் பார்த்துவிட்டு, "பதினோரு நிலை இருக்கணும், நீ ஏழோட நிறுத்திட்டியே" என்றார். அது இன்னும் அலமாரியில் ஏழு நிலையோடு நிற்கிறது.

இனிச் சொல்லப்போவது அண்ணனுக்கு நான் சொல்லாத விஷயம். கூடப்பிறந்தவர்களில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் மற்றவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். வருடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ளவேண்டும் என்று அவருடைய டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன தை மாதம்தான் போனேன். கண் அழுத்தம் 10 முதல் 21 வரை இருந்தால் சாதாரணம் என்கிறார்கள். எனக்கு வலது கண்ணில் 26, இடது கண்ணில் 24. ஓரப்பார்வைச் சோதனையில் ஒரு மூலையில் லேசான மங்கல். சொட்டு மருந்து ஆரம்பித்தாயிற்று. தினமும் ராத்திரி ஒன்பது மணி, ஒருநாளும் தவறக்கூடாது. சீக்கிரம் வந்துவிட்டீர்கள், தப்பித்தீர்கள் என்றார் டாக்டர். அண்ணனை நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரியும்.

போன வாரம் அண்ணன் வீட்டில் இருந்தபோது கரண்ட் போனது. எட்டரை மணி இருக்கும். அண்ணி மெழுகுவத்தி தேடி உள்ளே போனார். அண்ணன் பாட்டுக்குக் கட்டையைத் திருகிக்கொண்டிருந்தார். அவருக்கு கரண்ட் இருந்தால் என்ன, போனால் என்ன! முடித்துவிட்டு, பரபரவென்று பத்திருபது திருப்பு திருப்பிக் கலைத்தார். என் கையைத் தேடிப் பிடித்து அதில் வைத்தார்.

"இப்ப நீ சேரு."

"இருட்டுல எப்படிண்ணா? கரண்ட் வரட்டும்."

"கரண்ட் வந்தாலும் கண்ணைத் திறக்கக்கூடாது."

நான் பேசாமல் இருந்தேன்.

"சொட்டு மருந்து ஒம்போது மணிக்குத்தானே? உன் பொண்டாட்டி உங்க அண்ணிகிட்ட அழுதிருக்கா. அரைமணி நேரம் இருக்கு. முதல்ல குபேரனைத் தேடு."

தேடினேன். நானே அளந்து, அறுத்து, தேய்த்து ஒட்டிய துண்டுகள்தான். விரலுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. பருத்ததாக ஒன்று தட்டுப்பட்டது, குபேரன் என்றேன். அண்ணன் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார்.

"அது அக்னி. இன்னும் தேடு."

கரண்ட் வந்து ஃபேன் சுற்ற ஆரம்பித்த சத்தம் கேட்டது. நான் கண்ணைத் திறக்கவில்லை.